அவளுடைய பை என்று சொன்னேன்

மதுரை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்று வரை என் மனைவியிடம் சொல்லவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் அவளுடைய தம்பி கிடந்தான். தாயில்லாமல் இவள் கையில் வளர்ந்தவன். பார்க்க வேண்டியவர்கள் இன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக விடியும்போது போன் வந்தது. பஸ்ஸில் போனால் பொழுது சாய்ந்துவிடும். மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் சின்ன விமானத்தில் இரண்டு இடம் இருந்தது. திருத்தங்கலில் கார் பிடித்து ஓடினோம்.

துணிகளை நான்தான் எடுத்து வைத்தேன், கதவுக்குப் பின்னால் தொங்கிய பையில். வேதியியல் படித்துவிட்டு விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். சாம்பிள் வெடிகளை அந்தப் பையில்தான் கொண்டுபோவேன். எங்கள் பக்கத்தில் ஒரு பைக்கு ஒரே வேலை என்று கிடையாது. வெடி சுமந்த பையே ஓர் உதறலுக்குப் பிறகு காய்கறிக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும். நானும் உதறினேன். வெடிமருந்துத் தூசி தையலுக்குள் தங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அவளுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தாள்.

"ஏங்க, நம்ம ஊரு மினி பஸ்ஸுக்கு ரெக்கை வச்ச மாதிரில இருக்கு. ரெண்டு பக்கமும் ஃபேன் வேற மாட்டிருக்காக."

"அந்த ஃபேன்தான் இழுத்துட்டுப் போகும்."

"நடுவுல கரண்டு போயிராதுல்ல?"

அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சோதனையில் பையைச் சிறு துணியால் துடைத்து ஒரு கருவியில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி துடைத்தார்கள், மறுபடி சிவப்பு. துணிகளை வெளியே எடுத்து உதறியபோது அடிமடிப்பிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பட்டாசுத் திரி விழுந்தது.

இது யாருடைய பை என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்காக எப்போதும் நான்தான் பேசுவேன்.

"இவளுடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பயம்தான். பெண் என்றால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்ற காரணத்தையெல்லாம் பிறகு நானே செய்துகொண்டேன். சொன்ன கணத்தில் அப்படி எதையும் நான் நினைக்கவில்லை.

பெண் காவலர் ஒருவர் அவளைத் தனியே அழைத்தார். விமானக் கம்பெனிப் பெண் ஓடி வந்தாள்.

"சார், கதவ மூடப் போறாங்க. நீங்களாவது வர்றீங்களா?"

"நீங்க இங்கனயே நில்லுங்க. இவுக பேசுறது எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள் மனைவி. பிறகு அவளே, "இல்ல, போங்க. அவன் கண்ணு முழிச்சிருக்கையில ஒருத்தராச்சும் போய் நிக்கணும். அக்கா வாரான்னு சொல்லுங்க" என்றாள்.

போனேன்.

ஓர் ஆள் குறைந்ததால் எடை சரியாக இருக்க வேண்டும் என்று பணிப்பெண் என்னைப் பின்வரிசைக்கு மாற்றினாள். அவ்வளவு சின்ன விமானம். ஜன்னலுக்கு வெளியே அந்த ஃபேன் சுற்றத் தொடங்கியது. எழுந்து நின்று, பை என்னுடையது, இறக்கிவிடுங்கள் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பெல்ட்டை மாட்டினேன்.

மைத்துனனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தான்.

"அக்கா எங்க அத்தான்?"

"வந்துக்கிட்டிருக்கா."

அதற்குப் பிறகு அவன் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் போய்விட்டான்.

பொழுது சாய்ந்த பிறகுதான் அவளை விட்டிருக்கிறார்கள். பஸ் பிடித்து மறுநாள் விடியற்காலையில் வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு அவளாகவே சொன்னாள்:

"தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பை யாருதுன்னு கேட்டாரு. என்னுதுதான்னு சொல்லிட்டேன். ஒங்களுதுன்னா பிளேன்ல இருந்து எறக்கிருவாகளே."

பை உன்னுடையது என்று நான் அதற்கு முன்பே சொல்லிவிட்டேன் என அப்போது சொல்லியிருக்கலாம்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அவள் ஒன்றையே சொல்கிறாள்: "எனக்குத்தான் குடுத்து வைக்கல. கடைசியில அவுகளாச்சும் பக்கத்துல நின்னாகளே, அது போதும்." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.