மதுரையில் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை

நாடு சுதந்திரம் அடைந்த மறுவருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. கமுதிக்குப் பக்கத்தில் மிளகாய்க் காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரர் அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. மாமனார் முன்பே தவறிவிட்டார். அத்தை, அவர், நான் என்று வீட்டில் மூன்றே பேர்.

அடுத்த ஐப்பசியில் எனக்கு வலி கண்டது. அடைமழை. மருத்துவச்சி குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள், ஆற்றில் வெள்ளம். ஆத்திர அவசரத்துக்கு ஊரில் கைகொடுக்கும் அத்தைதான் பிரசவம் பார்த்தார். ஆண்பிள்ளை. அது அழவே இல்லை. அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் வந்தால் நஞ்சுக்கொடி விழவில்லை, உதிரம் நிற்கவில்லை. அத்தை கையை உள்ளே விட்டு நஞ்சை எடுத்துப் போட்டார். நான் பிழைத்தேன்.

அதன்பிறகு காய்ச்சல். அடிவயிற்றில் துணி பட்டால்கூடத் தாங்காது. அத்தை என்னை விட்டு நகரவில்லை. நான் எழுந்து உட்கார்ந்த அன்று கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "நீ இருக்கேல்ல, அது போதும்த்தா. அடுத்தது தங்கும்" என்றார்.

ஒன்று பிறந்திருந்ததால் யாரும் என்னை மலடி என்று சொல்லவில்லை. முதலில் உண்டானவளுக்கு மறுபடி ஏன் உண்டாகாது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும்தான். ஆனால் மாதம் தவறாமல் வீட்டுக்குத் தூரமானேன். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

சில வருஷம் கழித்து, மிளகாய் வற்றலை மண்டியில் போட மதுரைக்குப் போன என் வீட்டுக்காரர் சேலை எடுக்கலாம் என்று என்னையும் கூட்டிப்போனார். போனது பெரிய ஆஸ்பத்திரிக்கு. குழாய் வைத்துக் கர்ப்பப்பைக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். உயிர் போகிற வலி. வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். அடுத்த மாதமும் வரச்சொல்லி இன்னொரு தடவை பார்த்தார்கள். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் குழாய் இருக்கும்மா. கரு அது வழியாத்தான் வந்து சேரணும். உனக்கு ரெண்டுமே அடைச்சிருக்கு."

"எதனாலங்க?" என்று அவர் கேட்டார்.

"மொதப் பிரசவத்துல கையை விட்டு எடுத்தாங்கன்னு சொன்னீங்களே. அப்ப கிருமி ஏறியிருக்கும்."

"சரிபண்ண முடியாதா?"

"மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்றாங்க. பண்ணினாலும் பெரும்பாலும் திரும்ப அடைச்சுக்கும். உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனசு வரலை."

பஸ் அருப்புக்கோட்டை தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆத்தாகிட்ட இதச் சொல்ல வேணாம். தாங்காது அது."

சரி என்றேன். அந்த ஒரு சரிக்குள் எத்தனை வருஷம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அத்தை மலைவேம்பு இலையை இடித்துச் சாறெடுத்துக் கொடுத்தார். குடித்தேன். யாரோ சொன்ன வேரை அரைத்துக் கொடுத்தார். குடித்தேன். வெள்ளிக்கிழமை பட்டினி இருக்கச் சொன்னார், இருந்தேன். ராமேசுவரத்துக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு தீர்த்தத்திலும் வாளி வாளியாக என் தலையில் ஊற்றவைத்தார். ஈரச்சேலையோடு நாகர் சிலை முன்னால் நான் நடுங்கிக்கொண்டு நிற்க, அத்தை கண்ணை மூடி உதடு அசையக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. திரும்பும்போது ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்தபடி, "இந்த வருசம் பாரேன்" என்றார் அத்தை.

சொந்தக்காரர்கள் வேறு பெண் பார்க்கச் சொன்னார்கள். அத்தையும் ஒரு கட்டத்தில் அசைந்துவிட்டார். என் வீட்டுக்காரர் முடியாது என்றார், காரணம் சொல்லவில்லை. "என்னத்தக் குடுத்து எம்மகனை மயக்குனியோ" என்று அத்தை என்னைப் பேசியது அந்த ஒருதரம்தான். நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ராமநாதபுரத்துக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கடைசியில் அத்தையே என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரும் காட்டில் இருந்தார்.

முதல் பிரசவம் யார் பார்த்தது என்று டாக்டர் கேட்டதும், நான் வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "நாந்தேன் தாயி. நஞ்சு விழலை. கைய விட்டு எடுத்துப் போட்டேன். இல்லாட்டி இவ இன்னைக்கு இங்கன உக்காந்திருப்பாளா?"

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். சின்ன வயசுக்காரி, அதட்டவில்லை. கிருமியையும் குழாயையும் பற்றி மெதுவாகச் சொல்லிவிட்டு, "நான் உங்களைக் குத்தம் சொல்லலை பாட்டி. நீங்க எடுக்கலேன்னா இவங்க அன்னைக்கே போயிருப்பாங்க" என்றார். அத்தை அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

பஸ் நிலையத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அவனுக்கு?"

"தெரியும்."

"அம்புட்டுக் கசப்பையும் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேனே, ஏன்டி குடிச்ச?"

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கமுதி பஸ் ஒன்று போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம்.

அன்றோடு மருந்தும் நேர்த்திக்கடனும் நின்றன. வேறு பெண் என்று பேச்செடுத்த உறவுக்காரியை அத்தை வாசலோடு அனுப்பிவிட்டார். ஊரில் யாருக்காவது வலி கண்டு கூப்பிட வந்தால், "கமுதி ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கட்டுங்க" என்று மட்டும் சொல்வார், எழுந்து போகமாட்டார். வீட்டுக்காரர் என்னிடம், "ஏன் கூட்டிட்டுப் போன?" என்று கோபித்தார். கூட்டிப்போனது நானில்லை என்று சொன்னேன். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்குள் பேச்சே குறைந்துபோயிற்று.

அத்தை அதற்குப்பிறகு இரண்டு கோடை இருந்தார். சாப்பாடு குறைந்து, உடம்பு வற்றி, ஒரு மாசியில் போய்விட்டார். கடைசி நாட்களில் நான்தான் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

எடுக்கும் நேரத்தில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வரலாம் என்று ஒருவர் வழக்கம்போலக் குரல் கொடுத்துவிட்டார். ஒப்பாரி சட்டென்று அடங்கியது. என் வீட்டுக்காரர் நனைந்த வேட்டியோடு தலைகுனிந்து நின்றார். அப்புறம் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, ஆளுக்கொரு பந்தத்தைக் கொடுத்தார்கள்.