பச்சையம்மாள் அண்ணி எடுத்துவைத்த வரகு

சென்ற வெள்ளிக்கிழமை காலை உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊருக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்தார். "பெர்சு, உன்னியத்தான் தேடிக்கினு வரேன். உங்க அண்ணி பூட்டாங்களாம். விடிகாலையில. வூட்டுல சொல்லி அனுப்பினாங்கோ" என்றார். டம்ளரில் பாதி டீ இருந்தது. கீழே ஊற்ற மனம் வரவில்லை. தின்கிற பொருளைக் கொட்டினால் அண்ணிக்கு ஆகாது. நின்றபடியே குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் ஊர் போஸ்ட்மேன் எழுதுகிறார். கருமாதிக்கு வருகிறவர்களில் அண்ணியை அறியாதவர்கள் இருப்பார்கள். அறிந்தவர்களில் கோபம் தீராதவர்களும் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பச்சையம்மாள் அவர்கள் என் அண்ணனின் மனைவி. கூரத்திலிருந்து வாழ வந்தவர்கள். கல்யாணமான சில வருஷத்தில் அண்ணன் பாம்பு கடித்து இறந்துபோனார். அதன்பிறகும் அண்ணி பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கள் நைனாவையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள்.

எழுபதுகளில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. ஏரித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தக் கஷ்டம் தீர்ந்து வந்த அறுவடையில், அண்ணி தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். இன்னொரு பஞ்சம் வந்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு கொஞ்சம் தானியம் கொடுத்துப் பொதுவில் எடுத்துவைப்போம் என்றார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. எதை வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

எதிர்வீட்டுக் குப்பம்மாள், அவலும் பொரியும் வெல்லமும் வைக்கலாம் என்றார். "பசி வந்தா அடுப்பு மூட்டிக்கினு குந்தியிருக்க முடியுமாக்கா? கையில அள்ளினமா, வாயில போட்டமான்னு இருக்கணும்."

"அவல வெச்சா பஞ்சம் வர்ற வரைக்கும் இருக்குமாடி? உன் புள்ளைங்களே ஒரு வாரத்துல பஞ்சத்த முடிச்சி வெச்சிடுங்கோ" என்றார்கள் அண்ணி. தெருவே சிரித்தது. குப்பம்மாளும்தான் சிரித்தார். "யாரும் ஆசப்படாதத வெய்யி. அதான் நிக்கும்" என்றார்கள் அண்ணி மறுபடியும்.

அரிசியில் வண்டு விழும். நெல் இருந்தால் அவசரத்துக்கு விற்கத் தோன்றும். உமி நீக்காத வரகில் பூச்சி அண்டாது. அதை விற்க நினைத்தாலும் சட்டென்று வாங்க ஆள் இல்லை. கடைசியில் அண்ணி சொன்னதே முடிவானது. மேட்டுக் கொல்லை வரகைப் பெரிய பானைகளில் நிரப்பி, வாயை மண்ணும் சாணமும் பூசி அடைத்து, எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றினோம். கோடைக்குக் கோடை இறக்கி, வெயில் காட்டி, திரும்ப அடைப்பார்கள்.

பஞ்சத்துக்கு வைத்தோம். வந்தது வெள்ளம்.

ஓர் ஐப்பசியில் விடாத மழையில் ஏரிக்கரை உடைந்தது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தெருவே அதற்குள் வந்து ஒண்டியது. ரோடு அறுந்துபோனது. கையில் கொண்டுவந்திருந்த அரிசி தீர்ந்ததும் அண்ணி பானைகளை இறக்கச் சொன்னார்கள். வரகு கெடவே இல்லை. ஆனால் அது அப்படியே வேகவைத்துத் தின்கிற பொருள் அல்ல. உமிக்கு மேல் உமி. வெயிலில் காயவைத்துக் குத்தினால்தான் விடும். வெயில் இல்லை. மில்லோ தண்ணீருக்குள் கிடந்தது.

குப்பம்மாள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து பானைக்குள் பார்த்தார். "வெயிலுக்கு எங்க போறது? அதையும் பானையில போட்டு மூடி வெச்சிக்கிறியா? அன்னிக்கே சொன்னேன், அவல் வெய்யின்னு."

அன்று யாரும் சிரிக்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி. இப்ப உலக்கைய எடு" என்றார்கள் அண்ணி.

பரண் பலகையை உடைத்து அடுப்பு எரித்தோம். வரகை வாணலியில் வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் போட்டு, பெண்கள் வெறும் வயிற்றோடு மாறி மாறிக் குத்தினார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அத்தனை பேருக்கும் தேறியது ஒரு சட்டிக் கஞ்சி. அப்போது அண்ணி சொன்ன வார்த்தையைத்தான் ஊர் இன்றும் பேசுகிறது.

"மொதல் கஞ்சி குத்தறவங்களுக்கு. அப்பறம் புள்ளைங்களுக்கு. கெயவங்க கடசி."

"புள்ள பாத்துக்கினு கீது. எனுக்கு எப்பிடிக்கா எறங்கும்?" என்று குப்பம்மாள் அழுதார்.

"எறங்கணும். நீ வுயுந்துட்டா நாளிக்கி அதுக்கு யாரு குத்துவா?" என்று கிண்ணத்தை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அழுதுகொண்டே அவர் குடித்தார். தண்ணீர் வடியும்வரை ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் நடந்தது.

எங்கள் நைனா மூலையில் இருமிக்கொண்டு படுத்திருந்தார். அவர் முறை வரும்போது சட்டி கழுவின தண்ணீர்தான் மிச்சம். அண்ணியும் அதைத்தான் குடித்தார்கள். "பச்ச, என்னிய மறந்துட்டியா?" என்று நைனா கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"மறக்கல மாமா" என்றார்கள்.

தண்ணீர் வடிந்து, அரிசி மூட்டையோடு லாரி வந்த அன்று நைனா இறந்தார். பிள்ளைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. அண்ணிக்காகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர் உடனே நைனா பேரை எடுப்பார். நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமும் கால் ஊன்றவில்லை.

ஒருமுறை நேராகவே கேட்டேன். "அண்ணி, நைனாவுக்கு ரெண்டு வாய் ஊத்தியிருந்தா பொயச்சிருப்பாரா?"

புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அவர்கள் நிறுத்தவில்லை. "தெரியல தம்பி. தெரிஞ்சா ஒண்ணு தூங்குவேன், இல்ல அழுவேன். ரெண்டுல ஒண்ணாவது பண்ணுவேன்" என்றார்கள்.

அடுத்த அறுவடையில் பொதுவுக்கு ஒருவரும் தானியம் தரவில்லை. அண்ணி தனியாகவே எடுத்துவைத்தார்கள். இம்முறை குத்திப் புடைத்த வரகரிசி. கூடவே ஒரு டின் அவல். குப்பம்மாளின் பிள்ளைகள் அவலைத் தின்று தீர்க்கும். அண்ணி திட்டிக்கொண்டே மறுபடியும் இடித்து நிரப்புவார்கள். வரகரிசி சில மாதம்தான் தாங்கும் என்பதால், நாள்பட்டதைத் தாம் பொங்கித் தின்றுவிட்டு புதியதைப் பானையில் போடுவார்கள். அப்படியாக, கடைசிவரை அவர்கள் தட்டில் விழுந்தது சிக்கு வாடை அடிக்கும் சோறுதான். "ஒரு நாளாவது புதுசுல ஆக்குங்களேன்" என்பேன். "இன்னா அவசரம்? அது தண்ணி வர்ற அன்னிக்கி" என்பார்கள். அதன்பிறகு ஏரி உடையவே இல்லை.

சனிக்கிழமை எடுக்கும் நேரத்தில் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வாசற்படி மிதிக்காத குப்பம்மாளும் வந்தார். தட்டிலிருந்த அரிசியை அவர் தொடவில்லை. உள்ளே போய்ப் பானையைத் திறந்து, ஒரு கை வரகரிசி அள்ளிவந்து அண்ணியின் வாயில் போட்டார். "புதுசுக்கா. நீயே துன்னு. யாருக்கும் எடுத்து வெக்காத" என்றார்.

போய் வாருங்கள் அண்ணி. நைனா அங்கேதான் இருப்பார். அவரும் கேட்பார். என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொல்லுங்கள்.