வெளுத்துப்போன செவ்வந்திக்கல்

காய்ச்சாத பாலின் வாசனை அடுப்படியிலிருந்து வந்தால் அன்று வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு டம்ளரில் பச்சைப்பால், அதன் அடியில் அப்பாவின் வெள்ளி மோதிரம், மோதிரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கல். அந்த டம்ளரை அம்மா தொடக்கூடாது என்பது எங்கள் "வூட்டு" சட்டம்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு கடலைக்கொல்லை இருந்தது. அப்பா கடும் உழைப்பாளி. ஆனால் குடிப்பார், குடித்தால் அம்மாவை அடிப்பார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒருநாள் அவரையும் என்னையும் பஸ் ஏற்றி ஜமுனாமரத்தூர் சந்தைக்கு அழைத்துப்போனார். அங்கே ராசிக்கல் விற்றவர், இந்தச் செவ்வந்திக்கல் விரலில் இருக்கும்வரை சாராயம் தொண்டையில் இறங்காது என்றார். அப்பா தயங்கியதைப் பார்த்து, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக் கல்லால் கீறிக் காட்டினார். கண்ணாடியில் விழுந்த கோட்டைத் தடவிப் பார்த்த அப்பா அப்படியே நம்பிவிட்டார். வெள்ளிதோறும் பாலில் கழுவவேண்டும், பெண்டாட்டி கை படக்கூடாது, பட்டால் கல் வெளுக்கும், வெளுத்தால் சக்தி போய்விடும் என்றெல்லாம் விலாவாரியாகச் சொன்ன அந்த மனிதர், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் கொல்லையில் கிடந்த வெள்ளை "வெங்கச்சாங்கல்" ஒன்றை எடுத்து நானும் கண்ணாடியில் கீறிப் பார்த்தேன். அதே கோடு. அத்தையிடம் காட்டியதற்குத் தலையில் குட்டு விழுந்தது.

ஆனால் அப்பா குடிக்கவில்லை. முதல் வாரம் கை நடுங்கி, வேர்த்து, வாந்தியெடுத்துப் பாயில் சுருண்டு கிடந்தார். மோதிர விரலில் தன் கை பட்டுவிடாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். பிறகும் சாராயக்கடைப் பக்கம் போகாமலிருக்க, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வருவார். ஒரு வருடத்துக்கும் மேல் அம்மா அடி வாங்கவில்லை. ஊரே கல்லைப் புகழ்ந்தது. அப்பாவும் கல்லைத்தான் புகழ்ந்தார்.

பகலெல்லாம் கொல்லை வெயிலில் கிடந்த விரல் அது. இரண்டாவது கோடையில் கல் வெளிறித் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. முதலில் பார்த்தவர் அத்தை.

"இன்னா பண்ண நீ? தொட்டியா?"

"தொடலைங்க அண்ணி."

பாலோடு டம்ளரை அம்மாவின் காலடியில் விசிறியடித்தார் அத்தை. அப்பா மோதிரத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லே பூட்ச்சி, நான் இன்னா பண்றது?" என்றார். அன்று சாயங்காலம் ஏரிக்கரையைச் சுற்றவில்லை. நேராகக் கடைக்குப் போனார். சில வருடங்களில் ஈரல் கெட்டுச் செத்தார். பிணத்தை எடுக்கும்போதுகூட, தீட்டுக் கையால் புருஷனைக் கொன்றவள் என்று அத்தை அம்மாவைத்தான் சொல்லி அழுதார்.

இன்று நான் வேலூரில் ஒரு நகைக்கடையில் கல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரம், ஷோகேஸில் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி சாதாரணமாகச் சொன்னார், செவ்வந்திக்கல்லை வெயில் படும் இடத்தில் வைக்காதே, நாளாக ஆக வெளுத்துவிடும், அது நம்ம ஊர் வெங்கச்சாங்கல் இனம்தான், நிறம் மட்டும் நிற்காது என்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கல் விற்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி இது. கல் ஒருநாள் வெளுக்கும் என்று தெரிந்தே, அந்தப் பழியை முன்கூட்டியே ஒரு பெண்ணின் கைமேல் ஏற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். அவர் ஒரு சாக்கு கொடுத்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பாவையும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஜமுனாமரத்தூருக்குப் போய் அந்த மனிதரைத் தேடினேன். அவர் கல் விற்ற இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. கல்காரரை நினைவு வைத்திருப்பவர்கூட யாருமில்லை. அத்தையும் போய்விட்டார். கொல்லை வீட்டுமனையாகிவிட்டது. இந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொட்ட ஓர் ஆள் மிச்சமில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"அப்போ அந்த ஒரு வருசம்?"

"அப்பாவேதாம்மா குடிக்காம இருந்தாரு."

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அது தெரியாமலே பூட்டாரே உங்கப்பா."