குழம்புக்குத் தப்பிய அயிரை

உண்மையைச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதும் சொல்லியிருப்பேன். பொய் பேசக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஒரே ஒருமுறை பேசிய உண்மைக்காக வீடே கூடி நின்று முறைப்பது எந்த ஊர் நியாயம்? நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது மதுரை கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். மகளைத் திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சுத்த சைவம். வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம், வீட்டுக்குள் கவிச்சி சமைக்கக் கூடாது என்று. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, “அதெல்லாம் நாங்க அம்புட்டாச் சாப்பிடுறதில்லைங்கய்யா” என்றாராம். அப்பாவின் ஆபீசும் என் பள்ளிக்கூடமும் பக்கம், குழாயில் நல்ல தண்ணீர், தலைக்கு மேலே ஒழுகாத காரைக்கூரை. அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு மதுரையில் மறுபடி கிடைக்காது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அப்பாவோ உசிலம்பட்டிப் பக்கம் வயல்வேலை பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை வெறும் ரசத்தை ஊற்றினால் அவருக்குச் சோறு இறங்காது.

அதற்கு அம்மா கண்ட வழிதான் அயிரை. கறி எடுத்தால் எலும்பு காட்டிக்கொடுக்கும், பெரிய மீன் வாங்கினால் செதில் காட்டிக்கொடுக்கும். அயிரை கண்மாயில் கிடக்கிற பொடி மீன், விரல் நீளம்கூட இருக்காது, முழுசாகவே தின்றுவிடலாம். பரவைப் பக்கமிருந்து வருகிற ஒருவரிடம் அப்பா அதை உயிரோடு உழக்கில் அளந்து வாங்கி, தூக்குச்சட்டியில் மூடி, பைக்குள் அதன்மேல் கீரைக்கட்டை வைத்துக் கொண்டுவருவார். அம்மா பால் கலந்த தண்ணீரில் அதை விட்டால் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். வெள்ளி செவ்வாயில் மட்டுமல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் சாம்பிராணி போடுகிற எங்களைப் பக்திமான்கள் என்று தெருவில் நம்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா மீன்தொட்டி செய்து கொண்டுவந்தார். அவர் டவுனில் சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் வேலை பார்த்தார். கடையில் மிஞ்சிய கண்ணாடியை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, இடுக்கையெல்லாம் அடைக்க மக்கு பூசி, பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். முதலில் கொஞ்ச நாள் ஒழுகியது. அம்மா துணியைப் போட்டுத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனாள். ஒழுக்கு நின்ற பிறகு வைகை மணலை அலசிப் போட்டோம். டவுனில் கலர் மீன் விற்கிற பாய் கடையிலிருந்து இரண்டு தங்கமீன், வால் நீண்ட சிவப்பு மீன்கள், கறுப்பு மோலி, தண்ணீருக்குள் காற்றை ஊதுகிற குட்டி மோட்டார், ஒரு டப்பா தீனி எல்லாம் வந்தன. “கொஞ்சமாப் போடு பாப்பா. மீன் பட்டினி கெடந்து சாகாது, தின்னுதான் சாகும்” என்று பாய் சொல்லி அனுப்பினார். டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாசம் குப்பென்று அடித்தது. அம்மா முகம் மலர்ந்துவிட்டாள். இனி யாராவது மூக்கைச் சுளித்தால் மீன் தீனி என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? தொட்டியின்மேல் அவளுக்குப் பிரியம் வந்த காரணம் அதுதான். மீனின் அழகெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

அழகைப் பார்த்தவர் வீட்டுக்காரர். சாயங்காலம் ஆனால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வருவார். நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடிப்படி விளக்கு கொஞ்ச நேரம் கூடுதலாக எரிந்தால் மீட்டரைக் காட்டிப் பேசுகிற மனிதர், ராத்திரி பகலாக ஓடுகிற மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது ஒருநாள் நின்றுபோனபோது, மீன் மூச்சுவிடத் தவிக்குதே என்று அவரேதான் பிளக்கை ஆட்டி ஆட்டி ஓடவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் கோபமும் இவ்வளவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பால் தண்ணீரில் அயிரையைக் கொட்டும்போது ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது. பாத்திரம் கழுவுகிற அங்கணத்தை நோக்கி நெளிந்துகொண்டு போனதைப் பிடித்து நான் தொட்டியில் விட்டேன். சட்டென்று மணலுக்குள் புகுந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. மற்ற மீன்கள் சாப்பிடாமல் விட்ட தீனியெல்லாம் அடியில் போய் அழுகி, அதுவரை தண்ணீர் அடிக்கடி கலங்கும். அயிரை வந்தபின் கலங்கவில்லை. மிச்சம் மீதியையெல்லாம் அது மேய்ந்துவிடும். மற்ற மீனையெல்லாம் காசு கொடுத்து வாங்கினோம், இது ஒன்றுதான் நானாகக் காப்பாற்றியது. அதனால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். அதன் சொந்தபந்தங்களை அன்று மத்தியானம் ருசித்துச் சாப்பிட்டேன் என்பதும் உண்மைதான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற வயது இல்லை அது.

பிறகொரு நாள் திருநெல்வேலியிலிருந்து வீட்டுக்காரரின் சம்பந்தி வந்தார். வெள்ளை வேட்டி, விபூதிப் பட்டை, பெரிய மனித நடை. வீட்டுக்காரர் அவரைக் கையோடு கீழே கூட்டிவந்து, தன் சொந்தத் தோட்டத்தைக் காட்டுகிறவரைப் போல ஒவ்வொரு மீனாகக் காட்டினார். சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு, “அது என்ன மணலுக்குள்ள, வாய்க்கா மீன் மாதிரி?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர் சிரித்தார். “அதுவா? கடைக்காரன் பாப்பாவை ஏமாத்திட்டான். கலர் மீனுன்னு சொல்லிச் சாக்கடை மீனைத் தலையில கட்டிட்டான்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பாவம், அந்தப் பாய் ஒரு பாவமும் அறியாதவர். அயிரையோ தொட்டியையே சுத்தமாக வைத்திருக்கிற மீன். இருவர்மேலும் ஒரே மூச்சில் பழி. நான் எழுந்து நின்றே சொன்னேன். “பாய் ஒண்ணும் ஏமாத்தல தாத்தா. இது கடையில வாங்குனதே இல்ல. அயிரை. அம்மா குழம்புக்குப் போட இருந்ததுல ஒண்ணு துள்ளி விழுந்துச்சு, நான் எடுத்து விட்டேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, ஏதோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “பக்கத்து வீட்டுல வாங்குனதா இருக்கும். என்னம்மா?” என்றார்.

வழி காட்டினார் என்று இப்போது தெரிகிறது. அப்போதோ, ஒரு பொய்யைத் திருத்தினால் இன்னொன்றைச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. “இல்ல தாத்தா, நம்ம வீட்டுலதான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாங்குவோம்” என்றேன்.

சம்பந்தி துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். அதுவரை தொட்டிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த நிமிஷத்திலிருந்து நாற ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டார்கள். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். “சம்பந்தி முன்னால இப்படி ஆயிப்போச்சே தம்பி, இனி நான் உங்களை வச்சிருந்தா என் மகளை அங்க என்ன கேப்பாங்க” என்றாராம் வீட்டுக்காரர். ஆபீசில் மேலதிகாரியிடமே சத்தம் போட்டவர் என்று பெருமை பேசுகிற அப்பா, “சரிங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

“தவளை தன் வாயாலதான் கெடும். நாம பெத்த பிள்ளை வாயால கெட்டோம்” என்றாள் அம்மா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைக் காட்டி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளும் இவளேதான். சித்தப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதேன், குற்ற உணர்ச்சியால் இல்லை, கோபத்தில். அந்த மாதம் முழுக்க வீட்டுக்காரர் மீன் பார்க்க வரவே இல்லை. நாற்காலி தொட்டிக்கு முன்னால் போட்டபடியே கிடந்தது.

கிளம்புகிற அன்று டெம்போ வந்து நின்றது. சித்தப்பா தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கினார். மீன்களையெல்லாம் பிளாஸ்டிக் வாளியில் விட்டு நான் மடியோடு அணைத்துக்கொண்டேன். அம்மா சாவியைக் கொடுக்கப் போனபோது வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்தார். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மனசுல வச்சுக்காதம்மா. வந்த மொத வாரத்துலயே எங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம நீ கொழம்பு கூட்டுனா நான் மாடி ஜன்னலைச் சாத்திருவேன். இவர் வந்து காத்தே வரலையேன்னு தொறந்து விட்டுருவார்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! வீட்டுக்காரம்மாவும் சிரிக்கிறார். துரத்துகிறவரும் துரத்தப்படுகிறவளும் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்படியென்றால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாத எதையும் நான் சொல்லிவிடவில்லை. பிறகு எதற்காக நாங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? டெம்போ நகர ஆரம்பித்ததும் மாடியைப் பார்த்தேன். ஜன்னலருகே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தே தொண்டை கிழியக் கத்தினேன். “ஜன்னலைத் தொறந்து வச்சு மோந்து பாத்தது மட்டும்...”

முடிக்கவில்லை. அப்பாவின் உள்ளங்கை என் வாயை அடைத்துவிட்டது. வாளியிலிருந்து தண்ணீர் தளும்பி என் பாவாடை நனைந்தது. தெரு திரும்புகிறவரை அவர் கையை எடுக்கவே இல்லை. வீடே போய்விட்டது, இனிமேல் மறைக்க எங்களுக்கு என்ன இருக்கிறது என்று அந்தக் கைக்குள்ளேயே திமிறினேன்.

“கத்தாத. யார் காதுலயாச்சும் விழுந்துரப் போகுது” என்றார் அப்பா. பிறகு பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாவம், மனுசன்.”

வீட்டை விட்டுப் போகிறது நாங்கள். பாவம் அவராம்.