இரண்டு மார் கயிறு

நனைந்த தேங்காய் நார்க்கயிறு வெயிலில் காயும்போது ஒரு புளித்த வாடை எழும்பும். ஜீயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் ஆடி மாதம் முழுக்க அந்த வாடையோடுதான் இருக்கும். காவிரியின் நடுவிலிருந்த மணல் திட்டில் எங்களுக்குக் கொஞ்சம் வாழை இருந்தது. அதனால் வீட்டுக்கு ஒரு தோணியும் இருந்தது. மற்ற வீடுகளில் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று சண்டை வரும், எங்கள் வீட்டில் தோணியை எப்படிக் கட்டுவது என்று வரும்.

தோணி அண்ணனின் பொறுப்பு. யூரியாச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் பாயாகக் கட்டி, ஆடிக் காற்றில் துடுப்பைத் தொடாமலே திட்டுக்குப் போய்வருவான். பிளஸ் டூ முடித்திருந்த அவனுக்குச் சென்னையில் கப்பல் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. அப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெரு மட்டும் அதற்குள் அவனைக் "கேப்டன்" ஆக்கிவிட்டது.

கரைக் கல்லில் தோணியைக் கட்டும்போது, அண்ணன் இரு கைகளையும் விரித்து அளந்து, இரண்டு மார் கயிற்றைத் தொய்வாக விடுவான். மேலே முக்கொம்பு அணையில் ஷட்டரைத் தூக்கினால் ஆற்றில் தண்ணீர் ஏறும். கயிறு மிச்சமிருந்தால்தான் தோணியும் கூடவே ஏறும். ஆனால் அலுவலகக் கோப்பின் நாடாவைக்கூட ஒரே அளவில் முடிகிற அப்பாவுக்கு அந்தத் தொய்வைக் கண்டாலே ஆகாது.

"என்னடா இது, மேயப்போற மாட்டுக்கு விட்ட மாதிரி 'தொளதொள'ன்னு?"

"தண்ணி ஏறும்ப்பா."

"ஏறுறப்ப பாத்துக்கலாம்."

பதினெட்டாம் பெருக்குச் சந்தைக்காக வெட்டிய வாழைத்தார்களைத் தோணியில் ஏற்றி, மறுநாள் காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று அண்ணன் கட்டிவிட்டு வந்தான். விடிந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் கரைவரை ஏறியிருந்தது. பாய்மரத்தின் நுனி மட்டும் சாய்ந்து தெரிந்தது. கயிறு நீளாததால் தோணியின் முகப்பு கீழேயே பிடிபட்டு, தண்ணீர் அதன் மேலேறிப் போயிருந்தது. தார் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"என்ன கேப்டன், கப்பல் நீர்மூழ்கி ஆயிருச்சா?" என்றார் எதிர்வீட்டு மாமா. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்பாவை மேலும் கிளப்பிவிட்டது.

"ஒரு தோணியக் கட்டத் தெரியல, இவன் கப்பலுக்குப் போறானாம்! மெட்ராசும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேசாம இங்கயே காலேஜ்ல சேரு."

அண்ணன் தண்ணீரில் முங்கினான். கல்லில் இறுகியிருந்ததை அவிழ்க்க முடியாமல், கயிற்றை முடிச்சோடு அறுத்தெடுத்து வந்து படியில் வைத்தான். இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு. எங்கள் வீட்டில் பழைய பேப்பர் கட்டையும் டிபன் பையையும் அப்படி முடிகிறவர் ஒருவர்தான். முதல் நாள் சாயங்காலம் ஆற்றில் குளிக்கப் போன அப்பா, கை தன்போக்கில் செய்ய, தொய்வை இழுத்துச் சீராக்கிவிட்டு வந்திருக்கிறார். அது அவருக்கே நினைவில் இல்லை.

அவர் முடிச்சைப் பார்த்தார். சாப்பிடாமலே ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர், அண்ணன் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம், "மெட்ராசுக்கு டிக்கெட் எடுத்துட்டேன், அவன்கிட்ட சொல்லிடு" என்றார்.

அதன்பின் அப்பா அண்ணனை எதற்கும் தடுத்ததில்லை. கப்பல், ஸ்காட்லாந்து, அங்கேயே கல்யாணம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என்னை மட்டும் கூப்பிடு தூரத்தில் ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்தார். அண்ணன் போன் செய்தால் நலம் விசாரித்துவிட்டு ரிசீவரை அம்மாவிடம் தந்துவிடுவார். "வா" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போன வருடம் படுக்கையில் இருந்தபோது, அண்ணனை வரச்சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு தடவ இழுத்துக் கட்டுனேன்ம்மா. போதும். அவன்கிட்ட இதச் சொல்லாத" என்றார். அண்ணன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சென்ற வாரம் அண்ணன் தன் பாய்மரப் படகிலிருந்து வீடியோவில் பேசினான். மலைகளுக்கிடையே நீளமாக உள்ளே புகுந்திருக்கும் கடல். அதை அங்கே 'லாக்' என்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே வந்து, ஆழம் பார்த்து, சேற்றுத் தரையாகத் தேடி நங்கூரத்தை இறக்கியிருந்தான். சங்கிலி கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"இவ்வளவு எதுக்குண்ணா?"

"இங்க தெனமும் ரெண்டு தடவ கடல் ஏறும். ஆழத்தப் போல நாலஞ்சு மடங்கு சங்கிலி விடணும். மலையிலேருந்து காத்து 'குப்'புன்னு எறங்குனாலும் அப்பத்தான் பிடிச்சு நிக்கும்." கரையிலிருந்த ஒரு பாறையையும் அதற்குப் பின்னாலிருந்த ஒரு மரத்தையும் காட்டினான். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் படகு நகரவில்லை என்று அர்த்தமாம். அதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா ஒரு தடவகூட வான்னு சொல்லலியே. என்னத் தலமுழுகிட்டாருன்னே இருந்துட்டேன்" என்றான்.

அப்பா சொல்லாதே என்றதை அப்போதுதான் மீறிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன் பாறையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே, பாப்பா."

ஞாயிற்றுக்கிழமை ஜீயபுரம் போனேன். திட்டு கரைந்துபோய்ப் பல வருடமாகிறது. தோணிகளும் இல்லை. நாணலுக்குள் கரைக் கல் மட்டும் கயிறு தேய்த்த பள்ளத்தோடு நிற்கிறது. அதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பி, கீழே "வா" என்று எழுதினேன். அப்பா சொல்லியிருக்க வேண்டிய சொல்லை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டதுபோல் விரல் கூசியது.