நேற்று பால் காய்ச்சினோம், அவர் இல்லாமல்

நேற்று எங்கள் புது வீட்டில் பால் பொங்கியது.

நான் பார்க்கவில்லை!

அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். ஆனால் பார்க்கவில்லை.

என் கணவர் மஸ்கட்டில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். கணியம்பாடியில் இந்த வீடு எழும்பியதெல்லாம் அவருடைய சம்பளத்தில், அவர் போனில் சொன்ன யோசனையில். கடைக்கால் போட்டபோது வந்திருந்தார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

பால் காய்ச்ச வருவதாக டிக்கெட்கூட எடுத்துவிட்டார். கடைசி நேரத்தில் அவருக்குப் பதிலாக வேலை பார்க்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, லீவ் கேன்சல்.

தள்ளிப் போடலாம் என்று நான் அழுதேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“கட்டின வூட்ட பூட்டி வெக்காத தேவி. நீயும் பாப்பாவும் போங்க. நான் போன்ல இருக்கேன்.”

மேல்விஷாரத்தில் வாடகை வீட்டைக் காலி செய்வதற்கு முன்பு, ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் அமைதியாக நின்று விடைபெற வேண்டும் என்று நினைத்திருந்தேன். (அப்படி ஒரு ரீல்ஸ் பார்த்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.) நடந்தது என்னவென்றால், பீரோவை இடித்துவிடப் போகிறார்கள் என்று கத்திக்கொண்டே வண்டி ஏறினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, புது வீட்டிலாவது நிதானமாக இருப்போம் என்று பார்த்தால், விடியற்காலையிலிருந்து கையில் போன்.

வாசற்படியைக் காட்டினேன். சாமி படத்தைக் காட்டினேன். வந்தவர்களைக் காட்டினேன். பால் கொதிக்க ஆரம்பித்தபோது வீடியோ அப்படியே நின்றுவிட்டது. சிக்னலுக்காக ஜன்னல் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தேன். பின்னால் எல்லோரும் “பொங்குச்சு, பொங்குச்சு” என்றார்கள். நான் திரும்புவதற்குள் அவருடைய அம்மா, என் அத்தை, அடுப்பை அணைத்துவிட்டார்.

படம் திரும்ப வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எந்தப் பக்கம் பொங்குச்சு?”

எனக்குத் தெரியவில்லை. அத்தை கிழக்கு என்றார். பக்கத்து வீட்டு அக்கா வடக்கு என்றார். (ஷூ கம்பெனியில் எனக்கு செக்கிங் செக்‌ஷன். ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன். பாத்திரம் நிறையப் பால் பொங்கியதைக் கோட்டை விட்டேன்.)

அவர் சிரித்தார். ஆனால் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். அத்தை கூடத்தில் படுத்துவிட்டார். மகள் கீர்த்தி பின்பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் மறுபடியும் கூப்பிட்டார். நைட் ஷிப்ட் முடித்து ரூமுக்கு வந்தும் தூங்கவில்லையாம்.

வீடியோ போடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். வீடியோல பாத்துப் பாத்து அது யாரோ வூடு மாதிரி இருக்குது. போன காதுல வெச்சிக்கினு நட. நீ பாத்து எனக்குச் சொல்லு.”

நடந்தேன். ஹால் நல்லா இருக்குது என்றேன். அது போதவில்லை அவருக்கு. தரை காலுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். ஜன்னலோரம் வெயில் பட்டுத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டடி உள்ளே வந்தால் சில்லென்று இருந்தது. மூலையில் கொஞ்சம் சிமெண்ட் துகள் நெருடியது. எல்லாவற்றையும் சொன்னேன். “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சமையலறைக்குப் போனதும், “முதுகு வலிக்குதா?” என்றார்.

ஏன் கேட்கிறார் என்று ஒரு நொடி புரியவில்லை.

வாடகை வீட்டு மேடை ரொம்பத் தாழ்வு. குனிந்து குனிந்து ராத்திரியானால் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். இந்த வீடு கட்டும்போது ஒருநாள் போன் செய்து, தரையிலிருந்து என் முழங்கை வரைக்கும் டேப் வைத்து அளந்து சொல்லச் சொன்னார். அந்த அளவைப் பார்த்துத்தான் மேஸ்திரியிடம் மேடை உயரத்தைச் சொல்லியிருக்கிறார்.

காலையிலிருந்து அந்த மேடையில்தான் அத்தனை வேலையும் செய்தேன். முதுகு வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

“வலிக்கல” என்றேன். மேடை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். பெயின்ட் வாசனை, பின்னால் நெல் வயலில் தண்ணீர் பாய்கிற ஈர வாசனை என்றேன்.

“தோல் வாசன?”

“இங்க ஏதுங்க? சுத்தமா இல்ல.”

அவர் மஸ்கட் போகும் முன் வேலை பார்த்தது தோல் பதனிடும் ஷாப்பில். அந்த நாற்றம் சட்டையிலிருந்து போகவே இல்லை என்று நான் சண்டை போட்ட நாட்கள் ஜாஸ்தி.

“எனக்கு வூடுன்னா அந்த வாசனதான் தேவி. இங்க வந்து ரொம்ப நாள் அதத் தேடினேன்.”

நானும்தான் தேடினேன். அவர் விட்டுப்போன சட்டைகளில். சொல்லவில்லை.

கடைசியாகப் படுக்கையறை. பாயை விரித்துப் படுத்தேன். தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. ஜன்னலில் ஒரு துண்டு வானம், காற்று வந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னேன்.

“நான் எந்தப் பக்கம் படுக்கறது?”

“ஜன்னல் பக்கம். காத்து நல்லா வரும்.”

பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை. மறுபடியும் காதில் வைத்தேன்.

மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தூங்கிவிட்டார்.

ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஜன்னல் பக்கத் தலையணை மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே படுத்திருந்தேன். பிறகு எழுந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.

பின்பக்கத்திலிருந்து கீர்த்தி தடதடவென்று ஓடி வந்தாள்.

“மெதுவா நட பாப்பா” என்றேன். “உள்ள அப்பா தூங்கறாரு.”