ஒரு சொட்டு விழக் கூடாது

நேற்று எங்கள் அடுக்குமாடியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரே கூச்சல். யாருடைய காரோ ஆயிலை ஒழுகவிட்டுப் புதிதாகப் போட்ட தரையைக் கறையாக்கிவிட்டதாம். காவலாளி சாக்குத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் கிட்டே போய் நின்றேன். சூடான எஞ்சின் ஆயில் வாசனை எனக்கு வீட்டு வாசனை. சிரிக்காதீர்கள், நான் குடித்தனம் தொடங்கியதே ஒரு வண்டிக்குள்தான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பத்து வருஷம் இருக்கும். ராயபுரத்தில் எங்கள் குடிசையை ரோடு போடுவதற்காகப் பிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். ராணுவம் கழித்துப்போட்ட ஆம்புலன்ஸ் வண்டி ஒன்றை எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வந்தார். “நாலு சக்கரம் கீற வூட்ட எவன் பிரிப்பான்?” என்றார். காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்கவைத்த பலகை எங்களுக்குக் கட்டில். பின்கதவைத் திறந்தால் அடுப்பங்கரை. காசிமேட்டுப் பக்கம் கடலோர ரோட்டில் வண்டியை நிறுத்தி நான் மீன்குழம்பு வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு நிமிஷம் நிற்பார்கள். என் குழம்பைப் பற்றி நானே பேசக் கூடாது, விடுங்கள்.

ரோடு இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. வண்டியில் குடியிருக்கக் கூடாது என்று சொல்ல அவர் கையில் சட்டம் இல்லை போலிருக்கிறது. அதனால் அடியில் குனிந்து பார்த்தார். ரோட்டில் கறுப்பாகக் குளம் கட்டியிருந்தது.

“ரோட்டை நாசம் பண்றீங்க. திங்கக்கிழமை வருவேன். ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டிய இழுத்துட்டுப் போயிடுவேன். இது வண்டியா, ஒழுகற குடிசையா?”

“குட்சயத்தான் ஏற்கெனவே பிச்சிட்டீங்களே சார். ஒயுவுறதுக்கு இது ஒண்ணுதான் கீது” என்றேன்.

வாய் என்னவோ பேசிவிட்டது, ஆனால் வண்டி போனால் எங்களுக்குத் தலைசாய்க்க இடம் கிடையாது. வீட்டுக்காரரோ நெல்லூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? எங்கள் அப்பா துறைமுகத்துச் சரக்குப் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவதில் நானும் கைதேர்ந்தவள். வண்டிக்கு அடியில் புகுந்து, கசிந்த இடமெல்லாம் பூசினேன். பக்கத்தில் ஒரு குழாய் வாயைத் திறந்தபடி தொங்கியது, நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு. திருடன் அகப்பட்டான் என்று அதற்குள்ளும் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தால் அடைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் வந்து எஞ்சினைக் கிளப்பினார். சூடு ஏற ஏற என் குங்கிலியம் உருகி ஓடியது. அதோடு போனதா, முன்பு ஒழுகாத இடமெல்லாம் ஒழுக ஆரம்பித்தது. அடியில் புகுந்தவர் கறுத்த பஞ்சோடு வெளியே வந்தார்.

“இன்னாமே, இத்த ஏன் அடச்ச?”

“ஓட்ட கீது, அடச்சேன்.”

“அது இஞ்சினு மூச்சு வுடற கொயாய்மே! மூக்கப் பொத்துனா, கெடச்ச சந்துலல்லாம் ஆயில தள்ளாம இன்னா பண்ணும்?”

ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “நாளைக்கு வூடே பூடும், உனுக்கு சிரிப்பு வருதாய்யா?” என்று கத்தினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பானரை என் கையில் கொடுத்தார்.

குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, ஆயிலை வடித்து, எஞ்சினின் அடித்தொட்டியை இறக்கினோம். அதன் விளிம்பில் கசிவைத் தடுக்க வைத்திருந்த கேஸ்கட் காய்ந்துபோய் அப்பளமாக நொறுங்கியது. நிஜத் திருடன் அதுதான். தக்கைத் தகடு ஒன்றை அவர் அளவாக வெட்டிக் கொடுத்தார். பின்பக்கத்து போல்ட்டுகளுக்கு அவர் கை நுழையவில்லை, என் கை நுழைந்தது. ஒரே இடத்தில் இறுக்கினால் தக்கை பிதுங்கிவிடும். இங்கே கொஞ்சம், எதிரே கொஞ்சம் என்று திருக வேண்டும். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது, அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் லாரியும் கயிறுமாக வந்தார். வீட்டுக்காரரின் சலவை வேட்டியை எடுத்து எஞ்சினுக்கு அடியில் விரித்தேன்.

“ஸ்டார்ட் பண்ணுய்யா.”

அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது. மீன்கூடைக்காரிகள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “குந்து சார், இன்னா அவசரம்?” என்று முக்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. கடைசியில் அவரே குனிந்து வேட்டியை இழுத்து, வெயிலில் விரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“சரி சரி, ஓரமா நிறுத்துங்க.”

லாரியும் கயிறும் வந்த வழியே திரும்பிப் போயின. நான் வேட்டியை மடித்து உள்ளே வைத்தேன்.

இப்போது அந்த ரோடும் இல்லை, மணலும் இல்லை. கடல் கொஞ்சம் தின்றது, மிச்சத்தில் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டியைப் பழைய இரும்புக்காரர்கள் பிரித்துப்போட்டு எத்தனையோ காலமாயிற்று. ஆனால் ஒன்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பெரிய பையன் பிறந்த வருஷம் அந்த இடத்தை விட்டு நாங்கள் போனோம், உண்மைதான். எவனும் எங்களை இழுத்துக்கொண்டு போகவில்லை. நாங்களே ஓட்டிக்கொண்டு போனோம்.